பாதி அக்காவிடம், பாதி தங்கையிடம்

பஸ் நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். எந்த பஸ் எங்கே நிற்கிறதென்று ஷிஃப்ட் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவாள். வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு, கைக்குத்தான் வேலை. தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

அந்தத் தங்கை, போயும் போயும் இழைக் கோட்பாட்டைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பொருளைப் பிய்த்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது புள்ளியல்ல, அதிர்கிற துளியூண்டு இழையாம். ஒரு விதமாய் அதிர்ந்தால் எலக்ட்ரான், வேறு விதமாய் அதிர்ந்தால் ஒளித்துகள். இதற்கெல்லாம் சைகை மொழியில் சொல் ஏது? அக்கா மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேராசிரியர் பேசப் பேச, இல்லாத சைகைகளை இருவரும் சேர்ந்தே உண்டாக்கிக்கொண்டார்கள்.

"உனக்குப் புரியுதா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"நான் வெறும் குழாய். தண்ணி ருசி குழாய்க்கு எதுக்கு?" என்பாள்.

ஒரே கட்டிலில் வளர்ந்தவர்கள், விளக்கை அணைத்த பிறகும் உள்ளங்கையில் பேசிப் பழகியவர்கள். வகுப்பிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. திறந்த இழை என்றால், அக்கா தன் இரண்டு சுட்டுவிரல்களையும் தங்கையின் உள்ளங்கையில் ஊன்றுவாள். விரல்கள் இழையின் முனைகள். அவை ஒட்டியிருக்கிற ப்ரேன் என்ற தளம் அந்த உள்ளங்கை. பிறகு தங்கை தன் கையை அதிர வைப்பாள். எந்த அதிர்வு எந்தத் துகள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் போய்விட்டாள். அழக்கூட நேரம் கொடுக்காத பாவி.

காது கேட்காத இன்னொரு பெண் படிக்க வந்திருக்கிறாள், அந்தச் சைகைகளைப் படம்பிடித்து வைக்கலாம் என்று பேராசிரியர் கூப்பிட்டபோது அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. துணிமணியைக் கொடுத்தாகிவிட்டது. தங்கை என்று உலகத்தில் மிச்சமிருப்பது அந்தச் சைகைகள்தான்.

"திறந்த இழை," என்றார் பேராசிரியர் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

சுட்டுவிரல்கள் இரண்டும் இறங்கின. கீழே கை இல்லை.

"என் கையை வெச்சுக்கோங்கம்மா."

வைத்தாள். நல்ல மனுஷன், கையை மேஜை மாதிரி அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அவ செய்வா சார்."

"அவங்க எப்படிச் செய்வாங்க?"

எத்தனையோ தடவை அந்த அதிர்வு அக்காவின் விரலில் ஏறியிருக்கிறது. ஒன்றையாவது மனதில் வாங்கி வைத்தாளா? குழாய்க்கு எதுக்கு ருசி என்று கேட்ட வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றும் பாதியில் நின்றது.

"சரி, மூடிய இழை?"

இதற்கு யார் கையும் வேண்டாம். முனையே இல்லாத வளையம். எந்த ப்ரேனிலும் ஒட்டாது, விட்டுவிட்டுப் போய்விடும். விரல்களை வளையமாகச் சேர்த்து மேலே தூக்கி, அப்படியே காற்றில் விட்டாள்.

"அருமை! இன்னொரு தடவை செய்ங்க."

செய்தாள்.

"இது மட்டும்தான் சார் எனக்கு முழுசா தெரியும்," என்றாள்.