காற்று வந்த அன்று ஓடிய மோட்டார்

பங்குனி பாதியிலேயே எங்கள் பக்கம் வெயில் ஆளை உரிக்க ஆரம்பித்துவிடும். கூடவே செல்போனில் வானிலைச் செய்தியும் வரும்: மேற்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்று. அந்த ஓரிரு இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வருடமும் நாள் தவறாமல் இதே செய்தி. மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும், புழுதி பறக்கும், அவ்வளவுதான். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண், “மழை மதுக்கரையில எறங்கிப்போட்டு, நம்மூருக்கு வெலாசம் தெரியாம திரும்பிப் போயிருச்சுங்க” என்றாள். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் நான் தையல் மிஷினை நிறுத்திவிடுவேன்.

என் வாடகை வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குத்தகைக்கு எடுத்து நேந்திரன் போட்டிருந்தார்கள். நிலத்துக்காரர் வெகுநாளாகவே அதை வீட்டுமனையாகச் சைட் போட்டு விற்றுவிடும் யோசனையில் இருந்தார். இந்த வாழை ஒழுங்காக வெட்டுக்குப் போய்க் குத்தகைப் பணம் கைக்கு வந்தால் இன்னொரு போகம் விடுவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இல்லை. தார் எல்லாம் முக்கால் முற்றல். இன்னும் சில வாரம் மரம் நின்றால் போதும்.

அன்றைக்கு அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், தாராபுரம் கிளம்பினார். அவர் தங்கை மகளுக்கு மறுநாள் முகூர்த்தம். தாய்மாமன் முந்தின நாளே போய்ச் சீருக்கு நின்றாக வேண்டும். மாட்டைப் பார்க்க ஆளில்லாததால் அக்கா ஊரில் இருந்துகொண்டார். பைக்கை எடுக்கும்போது அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது.

“மத்தியானம் மூணு பேஸ் கரண்டு வரும். நான் அங்கிருந்தே மோட்டாரப் போட்டு உடறேன். நீ மடைய மட்டும் மாத்தி உடு.”

“இன்னிக்குத் தண்ணி வேண்டாமுங்க. மண்ணு எளகிப் போச்சுன்னா காத்துக்கு மரம் நிக்காதுங்க.”

“எந்தக் காத்து? இந்த வெயிலுக்குக் காய் வத்திப் போச்சுன்னா வியாபாரி திரும்பிப் பாப்பானா?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது மோட்டாருக்கும் ஒரு போன் நம்பர் உண்டு. எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் ஓடும், நிற்கும். நின்றால், நின்றுவிட்டது என்று போனுக்குச் செய்தி வரும். மத்தியானம் கரண்ட் வந்ததும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அக்கா மண்வெட்டியோடு வந்து என் சன்னலில் எட்டிப் பார்த்தார்.

“அம்மணி, உன்ர போன்ல என்ன சொல்றான்னு பாரு.”

பார்த்தேன். பல நாள் பழகிய மஞ்சள் எச்சரிக்கை மாறிச் சிவப்பாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சூறைக்காற்று என்று இருந்தது. எங்கள் கோயம்புத்தூர் பெயரும் இருந்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை. அக்கா தன் போனில் மோட்டாரை நிறுத்தினார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் குழாய் மறுபடியும் தண்ணீரைக் கக்கியது. நிறுத்தினார். மறுபடியும் ஓடியது.

“ஏனுங்க்கா, மோட்டாருக்குப் பேய் புடிச்சிருச்சுங்களா?” என்று நான் சிரித்தேன்.

“பேய் இங்கில்ல அம்மணி. பட்டு வேட்டி கட்டிட்டுத் தாராவரத்துல உக்கோந்திருக்குது.”

கரண்ட்தான் விட்டுவிட்டுப் போகிறது என்று அங்கே அண்ணன் நினைத்திருப்பார். அக்கா அவரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்தில் எங்கே கேட்கும்? ஆனால் மோட்டார் நின்ற செய்தியை மட்டும் எப்படியோ பார்த்துவிடுகிறார். மோட்டார் ரூமுக்குள் போய்ப் பியூஸைப் பிடுங்கலாம் என்றால் அது பூட்டியிருந்தது. கேபிள் திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு. சாவி பைக் சாவியோடு தாராபுரத்தில்.

கடைசியில் இரண்டு பேரும் வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரை ரோட்டுப் பக்கம் திருப்பினோம். அதற்குள் மேல்பாதித் தோட்டம் ஊறிவிட்டது. கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது.

முதலில் வந்தது காற்றுதான். என் வீட்டுச் சன்னல் வழியாக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மரங்கள் ஒடியவில்லை, தாரோடு, முட்டுக்கொடுத்த கம்போடு, வேரோடு மெதுவாகச் சாய்ந்தன. ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல இருந்தது. பிறகு ஆலங்கட்டி. பிறகு மழை. அக்கா அழவில்லை. “போதும், போதும்” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மழை விட்டு வெகுநேரம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“கூப்புட்டிருந்தயாட்ட இருக்குது? என்ன சங்கதி?”

அக்கா என்னைப் பார்த்துச் சொல்லாதே என்பதுபோல் தலையை ஆட்டினார். “ஒண்ணுமில்லீங்க. மழை பேஞ்சுது.”

“நல்லதாப் போச்சு. இங்க ஒரு துளி இல்ல. மோட்டாரு சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துது, நானும் போட்டு உட்டுட்டே இருந்தேன்.”

“சரிங்க. சீர் நல்லா நடந்துதுங்களா?”

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தாலி கட்டற வரைக்கும் சொல்ல வேண்டாம் அம்மணி. மாமங்காரன் மொகம் வாடி நின்னா புள்ளைக்கு நல்லாருக்காது.”

மறுநாள் தாம்பூலப் பையும் கையுமாக அண்ணன் வந்து வரப்பில் நின்றார். கீழ்ப்பாதியில் இலையெல்லாம் கிழிந்து நாராகத் தொங்கினாலும் முக்கால்வாசி மரம் நின்றுகொண்டிருந்தது. மேல்பாதியில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் எதுவரை பாய்ந்தது என்று கோடு போட்டுக் காட்டியதுபோல் இருந்தது.

“மோட்டார நிறுத்துனது நீயா?”

“நாந்தானுங்க.”

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன், “காத்துங்க, யாரச் சொல்றது” என்றார். அக்கா பக்கத்தில் நின்று ஆமாம் என்றார்.

நின்ற பாதியின் காய் குத்தகைக்கே போதவில்லை. விழுந்த மரங்களின் அடியில் அந்த மழைக்குக் கன்றுகள் குருத்து விட்டிருந்தன. ஒரு காலையில் அண்ணன் கடப்பாரையோடு வந்து நல்ல கன்றாகப் பார்த்து நெம்பத் தொடங்கினார். அக்கா தூரத்திலிருந்தே கேட்டார்.

“நோண்டி எங்கீங்க வெக்கறது?”

அவர் குனிந்தபடியே பாதி நெம்பியிருந்த கன்றைச் சுற்றி மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து அமுக்கிவிட்டுப் போனார். அடுத்த வாரம் சைட் அளக்க ஆட்கள் வந்தார்கள்.