சவரி அண்ணாச்சி தவறவிட்ட கப்பல்

போன வாரக் கப்பலில் பன்னிரண்டு நாள் செய்தித்தாள் நம் தீவுக்கு ஒரே கட்டாக வந்தது. நம் ஊர் வழக்கப்படி தேதி வரிசையில்தான் பிரித்தேன். நாலாவது தாளில், பாடகர் 'கிடார்' சவரிமுத்துவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தது. மீதி எட்டுத் தாளும் மடியில் கிடக்கின்றன. நடந்ததெல்லாம் நடந்து முடிந்து, அச்சாகியும் விட்டது. இனி நான் வேண்டி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் வேண்டிக்கொண்டுதான் அடுத்ததைப் பிரித்தேன். ஆறாவது தாளில், ஒரு மூலையில் நாலே வரி. அடக்கமே முடிந்திருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அவர் வந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவரைக் கப்பலிலிருந்து இறக்கி, மேடையில் ஏற்றி, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. "குடிக்க விடாத. கட்டில் பாட்டப் பாட விடாத" என்று செயலாளர் இரண்டே கட்டளை போட்டார். புதுக் கல்யாண ஜோடியின் கட்டில் கால் ஒடிந்துபோக, ரிப்பேருக்கு வந்த ஆசாரி 'எப்படி ஒடிஞ்சுது, எப்படி ஒடிஞ்சுது' என்று கேட்டுக் குடைய, மாப்பிள்ளை மென்று முழுங்குகிற பாட்டு அது. ஜனம் வருவதே அதற்காகத்தான் என்பது செயலாளருக்கும் தெரியும். ஆனால் தலைமை விருந்தினர், நான் வேலை பார்த்த அரசு மரக்கிடங்கின் அதிகாரி, மனைவியோடு வருகிறார். ஐந்து வருடமாகத் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு, அப்போது அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இவர் ஏதாவது ஏடாகூடம் பண்ணினால் என் கதை கந்தல்.

இறங்கும்போதே மனுஷன் நிதானத்தில் இல்லை. ஜங்லிகாட் பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தெருக்குழாயடியில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, பட்டாபட்டி அண்டர்வேரோடு நடுவில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டு, முதுகு தேய்க்க ஆள் கேட்டார். ஒரு வங்காளத்து அம்மாள் குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். "குளு குளுன்னு இருக்கு தாயி, இன்னொண்ணு ஊத்து!" என்றார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு அவரை மறைத்து மறைத்து ஓடினேன். அவருடைய பாட்டிலை ஒளித்துவைத்தேன். கிடாரின் வயிற்றுக்குள் இன்னொன்று இருந்தது.

"அண்ணாச்சி, என் பொழப்பு போயிரும்" என்று கெஞ்சினேன்.

"பொழப்பு போனா வேற பொழப்பு பாக்கலாம் வே கிளார்க்கு. மூஞ்சியில சிரிப்பு போச்சுன்னா எங்க போயி வாங்குவீரு?" என்றார். சாப்பிடும்போது, இந்த ஊரில் என்ன மரம் விசேஷம் என்று விசாரித்தார். "படாக் அண்ணாச்சி. லேசுல ஒடியாது" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

விழாவில் நாலு பாட்டு ஒழுங்காகத்தான் பாடினார். பிறகு கூட்டம் "கட்டில்! கட்டில்!" என்று கத்த ஆரம்பித்தது. நான் மேடையோரம் நின்று அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஆரம்பித்தார். போதாததற்குப் புதிதாக ஒரு சரணம் வேறு. தேக்குக் கட்டில் ஒடிந்து படாக் கட்டில் வந்ததாம். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லையாம்! கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. தமிழே தெரியாத எங்கள் அதிகாரிக்கு 'படாக்' மட்டும் காதில் விழுந்துவிட்டது. என்னை விரல் அசைத்துக் கூப்பிட்டு, நம் படாக்கை என்ன சொல்கிறான் என்று இந்தியில் கேட்டார்.

"ஹமாரா படாக் கோ க்யா போல்தா ஹை?"

நம் படாக்கைப் போல உறுதியான மரம் உலகத்திலேயே இல்லை என்று புகழ்கிறார் சாப் என்று, எனக்குத் தெரிந்த இந்தியில் உளறினேன். அவருக்கு நெஞ்சு விரிந்தது. எழுந்து நின்று "ஒன்ஸ் மோர்!" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் கூப்பிட்டு, அந்தப் பாட்டை வரிக்கு வரி இந்தியில் எழுதிக் கொடு, தில்லிக்கு அனுப்பப் போகிறேன் என்றார். உண்மையை எழுதினால் நான் அவரிடம் பொய் சொன்னவன். பொய்யை எழுதினால், தில்லியில் தமிழ் தெரிந்தவன் ஒருத்தன்கூடவா இருக்க மாட்டான்? துறைமுகத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி ஏற்கெனவே கப்பலில் ஏறியிருந்தார். கீழே நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டும்போதே அழுதும்விட்டேன். கிடாரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"கப்பல் கெளம்பிரும் அண்ணாச்சி. அடுத்த ஜஹாஜுக்குப் பதினஞ்சு நாளாவும்."

"கெடக்குது. நடவும் வே."

அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அதிகாரி முன்னால் முழுப் பாட்டையும் நடித்துக் காட்டினார். மாப்பிள்ளை ஆனார், பெண் ஆனார், ஆசாரி ஆனார்; மேசையைக் கட்டிலாக்கி அதில் படுத்தும் காட்டினார். பிறகு என்னைச் சுட்டி 'இவன் பாவம்' என்று கையை விரித்து, தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரியின் முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஜாவ், ஜாவ்" என்று எங்களை விரட்டினார். அந்த வாரமே என் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது.

வெளியே வந்தபோது கப்பல் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நாள் என் வீட்டில் இருந்து, தெருவையே அல்லோலகல்லோலப் படுத்தினார். உன்னால்தான் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மதராஸில் ஒரு சினிமாவுக்கு, அவருடைய முதல் சினிமாவுக்கு, அந்த வாரம் பாட்டுப் பதிவு இருந்ததும், அவர் வரவில்லையென்று வேறு ஆளைப் பாடவைத்துவிட்டதும், இரண்டு வருடம் கழித்து அவருடைய தபேலாக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன்பின் சினிமாவில் அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

இந்தச் சித்திரையில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'மூச்சு வாங்குது வே கிளார்க்கு. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போரும்.' ஆடிட் முடியட்டும் அண்ணாச்சி, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று பதில் போட்டேன். ஆடிட் முடிந்தது. அடுத்த கப்பல் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. சர்க்கார் வேலை, லீவு கிடைப்பது கஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய பாட்டு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இங்கே எந்தத் தமிழ்க் கல்யாணத்திலும் அதைப் பாடாமல் விடுவதில்லை. அவர் தந்தது என்று என்னிடம் இருப்பது இந்த உத்தியோகம்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் அதற்குப் போயாக வேண்டும்.