ரயில் கூவிய தைவதம்

தவமணி பாடமாக்கி வாசிக்கவில்லை. பாடமாக்கி வாசித்தவள் நான். அது தெரிந்தே அவள்மீது பழி போட்டேன்... இதை ஒளித்து ஒளித்தே கிழவியாகிவிட்டேன்!

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். பின்னேரங்களில் வயலினைத் தூக்கிக்கொண்டு, கோயில் கச்சேரிகளில் பாடும் கந்தசாமி அண்ணையின் வீட்டுக்குப் பழகப் போவோம். சுன்னாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீடு. கீர்த்தனைகள் இருவருக்கும் கைவந்துவிட்டன. அடுத்தது கற்பனாசுரம். எவரும் எழுதித் தராத சுரங்களை அந்த நேரத்திலேயே கோத்து, தாளம் தப்பாமல் பாட்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

எனக்கு அது வரவேயில்லை! ஆகவே வீட்டில் பாடமாக்கிக்கொண்டு போய், அப்போதுதான் தோன்றியதுபோல வாசித்தேன். நடுவில் ஒரு சின்னத் தயக்கம்... அதையும் பழகி வைத்திருந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

நான் செய்வதைத்தானே அவளும் செய்வாள்? இல்லையென்றால் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது? யார் கோத்துக் கொடுக்கிறார்கள்? ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய், அவள் வீட்டு வாசல் படலையடியில் நின்று காது கொடுத்தேன். தாயோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வயலின் பெட்டிக்குள் கிடந்தது. நான் வருவதைக் கண்டு ஒளித்துவிட்டாள் என்றே நினைத்தேன்!

எப்படி வாசிக்கிறாய் என்று நேரிலும் கேட்டேன்.

"நான் ஒண்டும் யோசிக்கிறேல்லை. காதிலை விழுறதைப் பிடிச்சுக்கொண்டு போறன்" என்றாள். கள்ளி, நடிக்கிறாள் என்று பட்டது.

கோயில் திருவிழா வந்தது. கந்தசாமி அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வயலின்தான் வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு நாங்கள் இருவர்.

அன்று தவமணி மோகனம் வாசித்துக்கொண்டிருந்தாள். அண்ணை படலையடியில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றதால் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பார். எப்போதோ வந்து போயிருக்கவேண்டிய கொழும்பு ரயில் அப்போதுதான் வந்து நீளக் கூவியது. எங்கள் சுருதிக்கு அது அச்சொட்டாகத் தைவதம், 'த' என்ற சுரம்! அவளுடைய வில் ஒரு கணம் நின்றது. சிரித்தாள். பிறகு ஒவ்வொரு சுரக் கோவையையும் அந்தத் தைவதத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்... மறுபடி நிறுத்தினாள்... கடைசியில் அலுங்காமல் பாட்டின் தொடக்கத்தில் இறக்கினாள்.

பிந்தி வரும் ரயிலை யாரால் பாடமாக்க முடியும்? எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வயிறு எரிந்தது.

அவள் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போன நேரம், அண்ணை என்னிடம் வந்தார். "பிள்ளை, உண்மையைச் சொல்லும். உவ உதெல்லாம் உடனை யோசிச்சோ வாசிக்கிறா?"

"இல்லை அண்ணை. வீட்டிலை பாடமாக்கிக்கொண்டு வாறவ."

நானா சொன்னேன்? ஓம், நான்தான்!

அவள் திரும்பி வந்ததும், நான் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். பாடமில்லாததாய்த் தோடியில் கொஞ்சம் வாசிக்கும்படி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வில் ஓடியது, தடுமாறியது, தொடக்கத்துக்கு வந்து சேரவேயில்லை. முகம் வெளிறிப்போய் வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மேடையில் நானே இருந்தேன். அவர் பாடியதைப் பின்தொடர்ந்து, என் முறை வந்தபோது பாடமாக்கியதை எடுத்துவிட்டேன். சனம் கைதட்டியது.

வருடங்கள் கழித்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வாசலில் அவளைக் கண்டேன். இப்போதும் வாசிக்கிறாயா என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு துணிச்சல், பாருங்கள்!

"இல்லையடி. வில்லைத் தூக்கினால், உது முந்திப் பாடமாக்கினதோ எண்டு எனக்கே ஐமிச்சமாக் கிடக்கு" என்றாள். கோபமே இல்லை. "நீ பொய் சொல்லுறவள் இல்லைத்தானே. எனக்குத் தெரியாமலே நான் பாடமாக்கியிருப்பன் போலை."

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம்... நாக்குவரை வந்தது.

"என்ரை பஸ் வந்திட்டுது" என்றேன். அது என் ஊருக்குப் போகும் பஸ் அல்ல. ஏறிவிட்டேன்.

அவள் இன்னமும் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாள்.