தகவல் தந்தவர்

ஓய்வு பெற்ற கையோடு பெரியண்ணனுக்கு வம்சப் பைத்தியம் பிடித்தது. முப்பது வருஷம் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்தவர், நான்கு தலைமுறைக் குடும்ப வரலாறு எழுதக் கிளம்பிவிட்டார். சான்றிதழ் இல்லாத ஒரு தேதிகூடத் தன் புத்தகத்தில் இருக்காது என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் மார்தட்டினார். சான்றிதழ் வாங்கப் பதிவு அலுவலகப் படியேறியது என்னவோ தங்கைதான்.

வீட்டில் அவளுக்குத் தபால் என்று பெயர். சின்ன வயதிலிருந்தே, பிறப்போ இறப்போ, பதிவு செய்ய அவளைத்தான் விரட்டுவார்கள். ஆண்களுக்குத்தான் தலைக்கு மேல் வேலையாயிற்றே! தன் பிள்ளைகள் பிறந்ததைச் சொல்லக்கூட அண்ணன் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. பதிவேட்டில் 'தகவல் தந்தவர்' என்றொரு கட்டம் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு அதில் நெடுக அவள் கையெழுத்துதான். தையல்கடையில் காஜா எடுக்கிற கை. எழுத்தும் நெருக்கமாக விழும்.

அவளுக்கு வந்த இரண்டு வரன்களையும் தட்டிக்கழித்தவர் இதே அண்ணன்தான். படுக்கையில் கிடக்கும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அப்புறம் வரன் வரவில்லை.

சாப்பாட்டு மேசை முழுக்க விரித்த வம்ச மரத்தை ஒருநாள் அவளிடம் காட்டினார். அதில் ஆண்கள்தான் இருந்தார்கள். நடக்கப் பழகாத பேரன்கூட இருந்தான். அவள் இல்லை. கேட்டதற்கு, பெண்கள் போன வீட்டு மரத்தில் வருவார்கள் என்றார். அவள் போன இடங்கள் தையல்கடையும் பதிவு அலுவலகமும்தான். அங்கே மரம் ஏதும் இல்லை.

கடைசியாக அப்பாவின் இறப்புச் சான்றிதழ் பாக்கி. மூன்று தடவை நடந்தாள். குமாஸ்தா முன்பின் வருஷங்களையும் புரட்டிவிட்டு, பதிவே இல்லை என்று கைவிரித்தார். காரணம் அவளுக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால், மூத்தவன் நானிருக்கப் பெண்பிள்ளை எதற்கு அலைய வேண்டும் என்று டாக்டர் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் அண்ணன்தான். வாழ்க்கையில் அவர் ஏற்றுக்கொண்ட ஒரே வேலை. சீட்டோடு சட்டை வெளுப்புக்குப் போயிருக்கும். வீடு அம்மா பெயரில் இருந்ததால் அந்தச் சான்றிதழை இத்தனை காலம் யாரும் தேடவில்லை.

இப்போது பதிய வேண்டுமானால், சாகும்போது பக்கத்தில் இருந்தவர் உறுதிமொழி தர வேண்டுமாம். இருந்தது அவள் மட்டும்தான். அண்ணன் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார்.

தட்டச்சு செய்த தாளோடும் பேனாவோடும் தையல்கடைக்கே வந்துவிட்டார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இறந்தவருக்கு உறவு என்ற இடத்தில், 'குடும்பத்துக்குத் தெரிந்தவர்' என்றிருந்தது.

"மகள்னு போட்டா அந்தத் தாளும் புத்தகத்துல வரும். மரத்துல காணோமேன்னு நாலு பேர் கேப்பாங்க. எல்லாம் ஒரு பேச்சுக்குத்தானே, கையெழுத்தைப் போடு" என்றார் அந்தப் பெரிய மனுஷர்.

அவள் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"தெரிஞ்சவளுக்கு உங்க அப்பா செத்தது எப்படித் தெரியும்ணா? மகள்னு எழுதிட்டு வாங்க, போடறேன்."

அவர் வரவில்லை. கௌரவம் தடுத்திருக்கும், அது ஒன்றுதான் அவரிடம் எப்போதும் தாராளமாக இருந்தது. புத்தகம் மட்டும் வழவழ அட்டையோடு வந்தது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார். அவள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாங்கிப் புரட்டினாள். செத்தவர்களுக்கெல்லாம் இரண்டு தேதி. அப்பாவுக்குப் பிறந்த தேதி மட்டும்.

புத்தகத்தை விரித்தபடியே அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அப்பா இன்னும் இருக்கார் போல. இப்ப யாருண்ணா பாத்துக்கறது?"