குடிக்காமலே குடிகாரன் ஆனது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பரோட்டா கல்லில் நிற்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றில் நான் மாஸ்டர். மச்சினிச்சி பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தபோது, ரத்த வங்கிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்குதுங்க. டாக்டரப் பாருங்க. வூட்லயும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஒரு வலியும் இல்லை. மாவு பிசைகிறவனுக்கு வைரஸ் என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்பதுதான் பயம். யாரிடமும் சொல்லவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் காமாலைக்குப் பச்சிலை கொடுப்பவரிடம் வாங்கிக் குடித்து, உப்பில்லாமல் பத்தியம் இருந்தேன். கண்ணில் மஞ்சள் இல்லை. நோய் போய்விட்டது என்று நானே முடிவு செய்தேன்.

பல வருஷம் கழித்துக் கால் வீங்கியது, வயிறு உப்பியது. சப்ளையர் முருகன் சிரித்தான். "அண்ணன் பாத்தா வாயில்லாப் பூச்சி. எங்க ஒளிச்சு வெச்சு அடிக்கறாருன்னே தெரியலயே."

முதலாளி ஓரமாகக் கூப்பிட்டார். "மாஸ்டரு, என் மாமனும் குடிச்சுக் குடிச்சு இப்படித்தான் வயிறு உப்பிப் போனாரு. நெசமாச் சொல்லு."

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அந்தப் பழைய வைரஸ்தானோ என்று உள்ளுக்குள் பட்டது. ஆனால் குடிக்கிற மாஸ்டருக்கு எந்த ஓட்டலிலும் வேலை உண்டு, வைரஸ் இருக்கிறவனுக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "கொறச்சுக்கறனுங்க" என்றேன்.

குடிக்கிறவன் சம்பளத்தைப் பெண்டாட்டி கையில் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அந்தச் சனிக்கிழமையிலிருந்து என் மனைவி செல்வி கல்லாப் பக்கத்தில் வந்து நின்றாள். சாப்பிடுகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் என் வாயை முகர்ந்துவிட்டு, "எதக் கலந்து குடிக்கறீங்க, வாசமே வரல" என்பாள்.

கடைசியில் அவளே என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, "குடிக்கறாருங்க" என்று அழுதாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா என் முன்கையில் இருந்த சூட்டுத் தழும்புகளைக் காட்டினார். "இந்த வைரஸ் வருஷக்கணக்கா ஈரலப் புண்ணாக்கிட்டே இருக்கும். வலி தெரியாது. புண்ணு ஆறுற எடத்துல இது மாதிரி தழும்பு விழும். தழும்பு ஈரலோட வேலையச் செய்யாது. அது கூடக் கூட ஈரல் இறுகிடும். அதான் வயித்துல தண்ணி கட்டுது. முன்னாடியே வந்திருந்தா இந்த அளவுக்குப் போகாம மாத்திரையிலயே தடுத்திருக்கலாம்."

சமையலால் இது பரவாது, ரத்தத்தாலும் தாம்பத்தியத்தாலும் பரவும் என்றார். செல்விக்கும் டெஸ்ட் எடுத்தார்கள்.

அவளுக்கும் இருந்தது. ஈரலில் தழும்பு இன்னும் விழவில்லை, தினமும் மாத்திரை போட்டால் தடுத்துவிடலாம் என்றார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பிறகு, "குடிகாரன் பொண்டாட்டின்னு நிக்க வெச்சீங்க, நின்னன். இதச் சொல்லியிருந்தாலும் கூடத்தான் நின்னிருப்பன்" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. வேலை போகவில்லை.

தம்பிகளே, ரத்தப் பரிசோதனையில் ஏதாவது சொன்னால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். செல்வி தினமும் மாத்திரை விழுங்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.