குடியிருப்பவனுக்கு எதற்கு வேலி?

இந்த ஊரில் வேலி வெட்டுவதற்குக்கூடத் தொப்பி வேண்டும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியத் துரை, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே பெரிய கத்தரிக்கோலும் கையுமாக நிற்பார். ஹெட்ஜ் என்கிறார்கள், நம்மூர் வேலிதான், தலை சீவி விட்டிருப்பார்கள். வந்த புதிதில் நானும் என் மனைவி தனமும் அதை வேடிக்கை பார்த்தோம். அது நகருகிற வேலி என்று எங்களுக்குத் தெரியாது.

மழைக்கு முன்பு எங்கள் பக்கமாக ஒரு புது வரிசைச் செடி நடுவார், வேலி அடர்த்தியாகட்டும் என்பது போல. அது வேர் பிடித்ததும் தன் பக்கத்துப் பழைய வரிசையைப் பிடுங்கி எறிவார். அவ்வளவுதான், ஒரு முழம் அவருடையதாகிவிடும். முதல் வருஷம் தனத்தின் கீரைப்பாத்தி போயிற்று. மறுவருஷம் அவரைக்கொடியின் வேரில் மண்வெட்டி விழுந்தது. கன்னடமும் தெரியாமல் இங்கிலீஷும் தெரியாமல் நாள் முழுக்க வாய்மூடிக் கிடந்தவளுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

நான் சவுத் பரேடில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவன். நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும். வேலியைக் காட்டி நியாயம் கேட்டேன். என்ன புரிந்துகொண்டாரோ, "யூ லைக் மை ஹெட்ஜ்? தேங்க்யூ, மேன்!" என்று ஒரு ரோஜாவை வெட்டி நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வரப்புச் சண்டை எனக்குப் புதிதில்லை. போளூர்ப் பக்கத்தில் பங்காளி வெட்டிய ஒரு சாண் வரப்புக்காக என் அப்பா கோர்ட்டுக்குப் போனார். வரப்பு கிடைத்தது, நிலம் வக்கீல் வீட்டுக்குப் போயிற்று. நான் பெங்களூருக்கு ரயில் ஏறியது அதனால்தான். இனி மண்ணுக்காக எவனோடும் மல்லுக்கு நிற்பதில்லை என்றிருந்தேன். ஆனால் வாடிய கொடியைக் கையில் வைத்துக்கொண்டு தனம் நின்றதைப் பார்த்தபோது அப்பாவின் ரத்தம் சும்மா இருக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகாமல் எல்லை காட்ட எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். துளிர்த்த கிளுவையில் எவனும் கை வைக்க மாட்டான். சித்திரையில் ஊருக்குப் போனவன் ஒரு கட்டு கொண்டுவந்து ஊன்றினேன். மழை வந்தது, துளிர்த்தது. துரையும் அந்த வருஷம் அடங்கியிருந்தார். வீட்டுக்காரரின் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக எனக்குப் பெருமைகூட வந்தது.

வீட்டுக்காரரும் தமிழர்தான். மூன்று தலைமுறைக்கு முன் பட்டாளத்தோடு வந்து கன்டோன்மென்டில் தங்கிவிட்ட குடும்பம். ஒருநாள் வந்தவர் துளிரைப் பார்த்ததும் முகம் கறுத்தார்.

"பாடிகெக்கு, வாடகைக்கு இருக்கிறவன் வேலி நடுறதுன்னா என்னா சார் அர்த்தம்?"

"உங்க நெலந்தாங்க போவுது. தொரை வருஷா வருஷம் உள்ள வராரு."

"அவரு எங்கப்பா காலத்துலேருந்து பக்கத்துல இருக்கிறவரு. ஒரு மொழம் வந்தா வந்துட்டுப் போறாரு. நீங்க வேர் வுடுற குச்சியில்ல நட்டிருக்கீங்க? கிளுவை நட்டு எடம் புடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா? எங்க தாத்தா இந்தக் காம்பவுண்டையே அப்படித்தான் புடிச்சாரு!"

வெட்கமே இல்லாமல் சொன்னார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார். துரையின் தோட்டக்காரன் என் கிளுவையைப் பிடுங்கிப் போட, துரையும் வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள். ஊரில் பங்காளியிடம் இதைச் சொன்னேன். "நீதான் பெங்களூரான் ஆயிட்டியே, அங்கியும் எடம் இல்லியா?" என்று சிரித்தான். இந்த ஊருக்கு வர நினைக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள். வேலை கிடைக்கும், குளிர்ந்த காற்று கிடைக்கும். வீட்டுக்காரரின் மண்ணை மட்டும் அவருக்காகக் காக்கப் போகாதீர்கள்.

இப்போது ஜீவனஹள்ளியில் இருக்கிறோம். இந்த வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர், நல்ல மனுஷி. பின்னால் இடம் சும்மாதானே கிடக்கிறது, ஏதாவது போடம்மா என்று அவராகவே சொன்னார். தனம் தலையாட்டினாள். ஆனால் மிளகாய் விதையைச் சீமெண்ணெய் டின்னில்தான் போட்டாள். அந்த டின்னுக்குக் கம்பியில் ஒரு கைப்பிடியும் கட்டித் தரச் சொன்னாள். இவ்வளவு மண் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"இதுலியே இருக்கட்டுங்க. மண்ணுல வேர் வுட்டா, எதுக்கு வுட்டேன்னு கேக்குறாங்க."