நாவலில் காணாமல் போன அக்கா

தங்கை எழுதிய நாவலைப் பெரியவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். மதிய இடைவேளையில், இஸ்திரி போட்டு அடுக்கிய படுக்கை விரிப்புகளில் சாய்ந்துகொள்வாள். சூடு முதுகுக்கு இதமாக இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், மெதுவாகத்தான் வாசிப்பாள். அவசரம் என்ன, தெரிந்த கதைதானே.

டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை அப்படியே நாவலில் இருந்தது. தொழிற்சாலையில் பிஸ்கட் பொட்டலம் கட்டிவிட்டு, உடைசலைக் கொண்டுவரும் அம்மா இருந்தாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் அப்பாவும் இருந்தார். ஆனால் சாரத்திலிருந்து விழுந்தவர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்ணை மூடிவிட்டார். நிஜத்தில் இடுப்பு முறிந்து, வருஷக்கணக்கில் கட்டிலில் கிடந்தபடியே வீட்டை ஆட்டிவைத்த மனிதர் அவர்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கும் தோழிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும். உன் தங்கச்சி உங்க வீட்டைத்தான எழுதியிருக்கா? இதுல நீ யாரு?"

அதன்பிறகு பெரியவள் பக்கம் பக்கமாகச் சல்லடை போட்டுத் தேடினாள். செருப்பில்லாமல் பள்ளிக்குப் போன சின்னவளுக்குப் பழைய ட்யூபை வெட்டிச் செருப்பு செய்தவள் அவள். நாவலில் டயர்க் கடைக்காரர் செய்தார். காய்ச்சலில் துவண்ட தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். நாவலில் அம்மா ஓடினாள். பெரியவள் செய்ததெல்லாம் இருந்தது, அவளைத்தான் காணோம்.

கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம். ஏன் இப்படிச் செய்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. விடுமுறை நாளில் பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

"என்னை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

தங்கை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். சுற்றி வளைக்கவில்லை. முதலில் அக்காவை வைத்துத்தான் எழுதினாளாம். கதையில் வரும் சிறுமிக்கு ஒரு கஷ்டம் வாசல் வரை வரும்; அதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றுவிடுவாளாம்.

"நீ இருந்தா அந்தப் பொண்ணுக்குக் கஷ்டமே தெரியலக்கா. கதை நகர மாட்டேங்குது. உன்னை எடுத்தப்பறம்தான் நம்ம வீடு எப்படி இருந்துச்சுன்னு எனக்கே புரிஞ்சுது. எழுத எழுத பயமா இருந்துச்சு."

பெரியவள் பேச்சை மாற்றினாள், அப்பாவை ஏன் சாகடித்தாய் என்றாள். உயிரோடு விட்டால் வேறு யாரையும் பேச விடமாட்டார், அவர் கத்தியது மட்டும்தான் தனக்கு நினைவிருக்கிறது என்றாள் தங்கை. பிறகு ஏதோ தோன்றியவளாக, தான் பள்ளிக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் அக்காவும் அப்பாவும் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

இதைப் பெரியவளிடம் யாரும் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பின்தெருக் கடைகளில் புதுப் பலகை மாட்டினால், ஜன்னலில் நின்று பார்த்துச் சொல்லச் சொல்வாராம் அப்பா. எந்த எழுத்துக்குத் தொப்பை, எதற்குக் கால் கோணல் என்று இவள் விவரிப்பாள். எழுதியவனைக் கிண்டலடித்து, இருமல் வரும்வரை அவர் சிரிப்பார். சாயங்காலம் வலி ஏறிவிடும். சின்னவள் வீடு திரும்பும்போது கத்தல் தொடங்கியிருக்கும்.

"அப்பா சிரிப்பாரா?" என்று கேட்ட தங்கை அதற்குப்பிறகு வெங்காயத்தைத் தொடவே இல்லை. அன்று சமையல் நடக்கவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தங்கையின் அடுத்த நாவலில் இரண்டே பேர்தான்: கட்டிலில் ஒருவர், ஜன்னலில் ஒருத்தி. மதிய இடைவேளைகளில் பெரியவளுக்குப் போன் வரும். ஜன்னலுக்குக் கம்பி இருந்ததா, அப்பாவுக்கு யார் சவரம் செய்தது என்று குடைந்தெடுப்பாள். ஒருநாள் பெரியவள் ஒரு தையல்காரரின் பலகையைப் பற்றி நீளமாகச் சொல்லி முடித்தாள். தங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, இது நிஜமாவே நடந்துச்சா?"

"ஏன், நீ மட்டும்தான் கதை விடணுமா? எழுதிக்கோ."